ஆழமானி மீன்காட்டியான வரலாறு

கடலின் ஆழத்தைக் காட்டும் கருவி மீனவருக்காகச் செய்யப்பட்டதன்று. கப்பல் தரைதட்டாமல் காப்பதற்கும், பனிப்பாறையில் மோதாமல் தப்புவதற்கும், போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்கும் பொறியாளர்களும் கடற்படைகளும் உருவாக்கிய அக்கருவியை மீன் தேடும் கருவியாக மாற்றியவர்கள், அதைத் தம் படகில் பொருத்தி உற்றுநோக்கிய மீனவர்களும், அவர்களோடு கடலுக்குச் சென்ற சில ஆய்வாளர்களும் தொழில்வினைஞர்களுமே ஆவர். எந்த அலைவெண்ணில் இயங்கும் கருவியை வாங்குவது, அதைப் படகின் எந்த இடத்தில் பொருத்துவது என்று கடல்தொழில் செய்வோர் இன்று கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

எதிரொலிக் கருவிக்கு முன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆழம் பார்த்தது கயிற்றில் கட்டிய ஈயக்குண்டுதான். நைல் ஆற்று முகத்துக்கு ஒரு நாள் பயணத் தொலைவிலேயே குண்டு சேற்றை அள்ளிவருவதையும் அங்கு ஆழம் பதினொரு பாகம் இருப்பதையும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்திருக்கிறார். பாகம் என்பது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஏறத்தாழ 6 அடி. குண்டின் அடியில் ஒரு குழியைச் செதுக்கி அதில் விலங்குக் கொழுப்பை அப்பி இறக்குவது ஐரோப்பிய மாலுமிகளின் வழக்கம். கொழுப்பில் ஒட்டிவரும் மணலையும் சேற்றையும் சிப்பித் துண்டுகளையும் விரலால் தேய்த்துப் பார்த்தே வடகடல் மீனவர்கள் தாம் எந்தத் தரைமேல் நிற்கிறோம் என்பதை அறிந்தனர். ஆழத்தோடு தரையின் இயல்பையும் சொன்ன இந்த எளிய கருவியின் குறை, கப்பலின் வேகத்தைக் குறைத்தோ நிறுத்தியோ மட்டுமே அதை இறக்க முடிந்ததும், ஆழ்கடலில் தடித்த கயிறு நீரோட்டத்தில் இழுபட்டுப் பொய்க்கணக்குக் காட்டியதும் ஆகும். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், 1872இல் பிஸ்கே விரிகுடாவில் கயிற்றுக்குப் பதிலாகப் பியானோக் கம்பியை இறக்கி 2,700 பாக ஆழத்தைத் தொட்டார். கம்பி கயிற்றைவிடச் சிறந்தது; ஆயினும் ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றியாக வேண்டிய நிலை மாறவில்லை.

ஒலி நீரில் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதை 1826இல் ஜெனீவா ஏரியில் கொல்லடோனும் ஸ்டர்மும் அளந்து, நொடிக்கு 1,435 மீட்டர் என்று கண்டிருந்தனர். ஆயினும் அந்த அறிவு கருவியாக வடிவெடுக்க 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது தூண்டுதலாக அமைந்தது. ஜெர்மனியின் அலெக்சாண்டர் பேம் 1913இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசண்டன் 1914 ஏப்ரலில் நியூஃபவுண்ட்லாந்தை அடுத்த கடலில் மயாமி என்னும் அமெரிக்கக் காவல் கப்பலிலிருந்து ஒலியெழுப்பி, பனிப்பாறையின் எதிரொலியையும் கடற்தரையின் எதிரொலியையும் ஒருங்கே கேட்டார். முதல் உலகப்போரில் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன், மின்னழுத்தம் தந்தால் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மீயொலியை, அதாவது மனிதச் செவிக்கு எட்டாத உயர் அலைவெண் கொண்ட ஒலியை, நீருக்குள் குறுகிய கற்றையாகச் செலுத்தினார். 1922இல் அமெரிக்கக் கடற்படையின் ஸ்டூவர்ட் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, வழிநெடுக ஆழம் அளந்துகொண்டே சென்றது.

கருவியின் கணக்கு எளிது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்ப 0.2 நொடி ஆனால் அங்கு ஆழம் 150 மீட்டர். தொடக்கக் கருவிகளில் இந்த நேரத்தைக் காதால் கேட்டே கணித்தனர். பின்னர் வந்த பதிவுக் கருவியில், அயோடைடும் மாவுப்பொருளும் ஊறிய ஈரத்தாள் மெல்ல நகர, அதன்மேல் ஓர் எழுத்தூசி ஒவ்வொரு ஒலித் துடிப்போடும் குறுக்கே ஓடும். எதிரொலி வந்த கணத்தில் ஊசியில் பாயும் மின்சாரம் தாளில் ஒரு கருமையான புள்ளியை இடும். புள்ளிகள் சேர்ந்து கோடாகிக் கடற்தரையின் மேடுபள்ளம் தாளில் விரியும். மீன்பிடியின் வரலாற்றைப் பொறுத்தவரை, ஒலியால் ஆழம் அளந்ததைவிட இந்தத் தாள் வந்ததே பெரிய திருப்பம் எனலாம். ஏனெனில் காதில் விழுந்து மறையும் ஓசையை ஒப்பிட முடியாது, தாளில் விழுந்த தடத்தை மறுநாளும் எடுத்துப் பார்க்கலாம்.

அந்தத் தாளில் தரைக்கோட்டுக்கு மேலே, எதுவும் இருக்கக்கூடாத நடுநீரில், மங்கலான கறைகள் தோன்றின. ஆழம் அளக்க வந்தவர்களுக்கு அவை இடையூறு. மீனவருக்கு அப்படியல்ல. வலையை இழுத்தபின் மீனின் அளவையும் தாளின் கறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவரிடம் மட்டுமே இருந்தது. 1930களில் இங்கிலாந்தின் யார்மத் துறையைச் சேர்ந்த ஹெர்ரிங் மீன்பிடிப் படகின் தலைவர் ரொனால்ட் பால்ஸ் இத்தகைய கருவியோடு பல பருவங்கள் தொழில் செய்து, எந்தத் தடம் ஹெர்ரிங், எது வேறு என்று பிரித்தறியப் பழகி, தம் பட்டறிவைக் கட்டுரையாகவும் எழுதினார். நார்வேயின் மீன்வள ஆய்வாளர் ஆஸ்கர் சுண்ட், லொஃபோட்டன் தீவுகளை ஒட்டி முட்டையிடக் கூடும் காட் மீன்கள் நடுநீரில் மெல்லிய அடுக்காக நிற்பதைப் பதிவுத்தாளில் பிடித்து, 1935இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். மீனின் தசை ஏறத்தாழ நீரின் அடர்த்தியே கொண்டது. ஒலியை வலுவாகத் திருப்புவது அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை. அதனால்தான் காற்றுப்பை இல்லாத அட்லாண்டிக் கானாங்கெளுத்தியும் சுறாவும் கருவியில் மங்கலாகவே தெரிகின்றன.

மீனவர் வாங்கத்தக்க தனிக் கருவியாக இதை ஆக்கிய பெருமை ஜப்பானின் நாகசாகி மாநிலத்துக்கு உரியது. அங்குள்ள குச்சினோத்சு துறைமுகத்தில் வானொலி பழுதுபார்த்தும் படகுகளுக்கு மின்விளக்கு அமைத்தும் தொழில் நடத்திய ஃபுருனோ கியோதாக்காவும் அவர் தம்பியும், மீன்கூட்டம் உள்ள இடத்தில் குமிழிகள் மேலெழும் என்று ஒரு மீனவர் சொன்னதைக் கேட்டு, குமிழி ஒலியைத் திருப்புமாயின் மீனையும் ஒலியால் காணலாம் என்று முயன்றனர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் கழிக்கப்பட்ட கடற்படை ஆழமானிகளே அவர்களின் மூலப்பொருள். உணவுப் பஞ்சம் நிலவிய 1948இல் அவர்களின் மீன்காட்டி விற்பனைக்கு வந்தது. தலைமுறை அனுபவத்தை நம்பிய மீனவர்கள் ஒரு பெட்டியை எளிதில் நம்பவில்லை. கோத்தோ தீவுகளின் படகுகளில் உடன்சென்று, தடத்தை வாசிக்கும் முறையைக் கற்றும் கற்பித்துமே அந்த நம்பிக்கையைப் பெற வேண்டியிருந்தது.

இக்கருவியின் வெற்றிக்குக் கடல் ஒரு விலையும் கொடுத்தது. பக்கவாட்டில் ஒலியெறிந்து கூட்டத்தைத் தேடும் சோனாரும், சுருக்குமடி வலையை இயந்திரத்தால் இழுக்கும் விசைக்கப்பியும் 1960களில் ஒன்றுசேர்ந்தபோது, நார்வேயின் வசந்தகால ஹெர்ரிங் வளம் அப்பத்தாண்டின் இறுதிக்குள் சரிந்தது. 1977இல் வடகடல் ஹெர்ரிங் மீன்பிடிப்பே மூடப்பட்டது. மீன்கூட்டத்தை ஒளிந்துகொள்ள விடாத கருவிக்குக் கட்டுப்பாடும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அது காலந்தாழ்ந்தே வந்தது.

இனித் தொடக்கத்தில் சொன்ன கேள்விகளுக்கு வந்தால், உவர்நீருக்குக் கருவி தேர்வதில் ஏரிக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்ஃபேட், ஒலியலையின் அழுத்தத்துக்கு ஏற்பப் பிரிந்தும் சேர்ந்தும் அதன் ஆற்றலை உறிஞ்சுவதால், மீயொலி நன்னீரைவிடக் கடலில் பல மடங்கு விரைவாகத் தேய்கிறது. அலைவெண் உயர உயரத் தேய்வும் கூடுகிறது. எனவே 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழமில்லாத நீரில் மீனைத் தரையிலிருந்து கூர்மையாகப் பிரித்துக் காட்டினாலும் ஆழத்தில் வலுவிழக்கிறது. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி தரையை எட்டினாலும், ஒலியை அனுப்பி வாங்கும் வழக்கமான அளவுள்ள உணர்முனையிலிருந்து அகன்ற கற்றையாக விரிவதால் நுட்பம் குறைகிறது. உணர்முனையின் முகத்தில் குமிழிகள் படர்ந்தால், மீனைக் காட்டிக்கொடுத்த அதே குமிழியே ஒலியை மறைத்துவிடும். ஆகவே அதை முன்னணியத்தின் நுரையும் சுழலியின் கலக்கமும் எட்டாத இடத்தில் பொருத்த வேண்டும். கரையை ஒட்டித் தொழில் செய்பவருக்கு உயர் அலைவெண் ஒன்றே போதும். நூறு பாகத்துக்கு அப்பால் செல்பவர் 50, 200 ஆகிய இரண்டிலும் இயங்கும் கருவியையே வாங்க வேண்டும், திரையின் அளவை அதற்குப் பிறகே பார்க்க வேண்டும்.