அரும்பொருள் காக்கும் கல்வி

மும்பையிலும் புனேயிலும் வாழும் தமிழன்பர்களுள் பலர் அஜந்தாக் குகைகளைக் கண்டு வந்திருப்பர். அங்குள்ள சுவரோவியங்களுள் சில மங்கிக் கிடப்பதைக் காணும்போது, காலம் செய்த கேடு இது என்று எண்ணிப் பெருமூச்செறிவது இயல்பே. ஆனால், அவ்வோவியங்களுக்கு நேர்ந்த கேட்டில் ஒரு பங்கு காலத்தால் விளைந்ததன்று. அவற்றைப் பெரிதும் விரும்பியவர்களின் கைகளால் விளைந்தது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அஜந்தா ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. 1920 முதல் 1922 வரை, செக்கோனி, ஒர்சினி என்னும் இத்தாலிய நிபுணர் இருவரை நிஜாம் அரசாங்கம் வரவழைத்தது. பாறையிலிருந்து பிரிந்து விழவிருந்த சாந்தை அவர்கள் மீண்டும் பாறையோடு ஒட்டி நிலைநிறுத்தினர்; அதனால் பல ஓவியங்கள் உதிராமல் தப்பின. இந்த நன்றியை மறத்தலாகாது. எனினும், ஓவியங்களின் மீது அவர்கள் அரக்கு மெருகும் பூசினர். அவர்களுக்கு முன்னரே, அங்கே ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்தவர்களும் நிறம் எடுப்பாகத் தோன்றும் பொருட்டு மெருகு பூசியிருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மெருகு பழுப்பேறியது. தூசியையும் புகையையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. சுருங்கும்போது வண்ணச் செதில்களையும் உடன் இழுத்தது. பிற்காலத்தில் தொல்பொருள் இலாகாவின் இரசாயன நிபுணர்கள், தக்க கரைப்பான்களைக் கொண்டு அதனைச் சிறிது சிறிதாக அகற்ற வேண்டியதாயிற்று.

வந்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஆயினும் ஐரோப்பாவின் எண்ணெய் வண்ணப் படத்துக்கு மெருகு பூசும் வழக்கம் வேறு. மண்சாந்தின் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சிட்டு, பசை கலந்த வண்ணத்தால் தீட்டிய குகை ஓவியத்தின் இயல்பு வேறு. ஒரு பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்று அறியாமல் அதனைக் காக்கப் புகுந்தால், அன்பே பகையாக முடியும். பாதுகாப்புக் கல்வியின் முதற்பாடம் இதுவே.

இப்பாடத்தைக் கற்பிக்க அக்காலத்தில் நம் நாட்டில் பள்ளி இல்லை. 1917-இல் தொல்பொருள் இலாகா இரசாயனப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, முகம்மது சனாஉல்லா என்பாரை நியமித்தது. 1930-இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையில் ஓர் இரசாயனக்கூடம் நிறுவப்பட்டது. இந்தியப் பொருட்காட்சிச் சாலைகளில் இத்தகைய கூடம் அமைந்தது அதுவே முதன்முறை. அங்கே பொறுப்பேற்ற டாக்டர் எஸ். பரமசிவன் எதிர்கொண்ட முதற்பகை, செப்புத் திருமேனிகளைத் தின்னும் களிம்பு.

மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்து வெளிப்பட்ட விக்கிரகங்களுள் சிலவற்றில், வெளிர்பச்சை நிறத்தில் பொடி பூத்திருக்கும். நிலத்திலுள்ள உப்பு செம்புக்குள் புகுந்து, காற்றின் ஈரம் பட்டதும் மீண்டும் மீண்டும் கிளர்ந்தெழுவதால் வருவது இந்நோய். மேலே துடைத்தால் மறையும். மழைக்காலம் வந்தால் திரும்பும். பரமசிவன் விக்கிரகத்தைக் காரநீரில் வைத்து, மெல்லிய மின்னோட்டத்தை நெடுநேரம் செலுத்தி, உள்ளிருந்த உப்பை வெளிக்கொணரும் முறையைக் கையாண்டார். ஆயினும் எல்லா விக்கிரகங்களுக்கும் அம்முறை பொருந்தாது. உட்புறத்தில் நல்ல உலோகம் எஞ்சியுள்ளதா என்று ஆராய்ந்த பின்னரே கைவைக்க வேண்டும். இன்றேல், களிம்போடு திருமேனியின் நுண்வேலைப்பாடும் கரைந்து போகும். மருந்தைக் காட்டிலும் நோயறிதலே இங்கு அருமை.

சுவரோவியங்களையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே எழுந்த வினா எளிதன்று. கீழுள்ளதைக் காண மேலுள்ளதை அழிப்பதா? அதுவும் நம் முன்னோர் கலையே அல்லவா? தொல்பொருள் இலாகாவினர் பின்னர் நாயக்கர் ஓவியப் பகுதிகளைப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துக் காத்தனர். இரண்டும் பிழைத்தன. பயிற்சியின் பயனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தனியொருவர் தம் கைப்பழக்கத்தால் பெறும் அறிவு அவரோடு மறையாதிருக்க, கல்விக்கூடம் வேண்டும். 1956-இல் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாடு, கலைச்செல்வங்களின் பாதுகாப்பை ஆராய்வதற்கும் கற்பிப்பதற்கும் ஓர் உலக நிலையம் அமைக்கத் தீர்மானித்தது. அந்நிலையம் 1959-இல் ரோம் நகரில் பிறந்தது. 1961-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1976-இல் லக்னோவில் தேசிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டு, பொருட்காட்சிச் சாலைப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கலாயிற்று. 1989-இல் தில்லித் தேசியப் பொருட்காட்சிச் சாலையைச் சார்ந்த கல்வி நிறுவனம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றதும், இக்கலை பட்டப்படிப்பாகவும் உயர்ந்தது.

அங்குப் பயிலும் மாணவர் இரசாயனம் மட்டும் கற்பதில்லை. செய்தது அனைத்தையும் எழுதி வைத்தல், இயன்ற அளவு குறைவாகச் செய்தல், பின்வருவோர் வேண்டுமாயின் நீக்கத்தக்க பொருளையே பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் அவர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்கள். நாளை நம்மினும் நன்கறிந்தவர் வருவார் என்னும் அடக்கமே இக்கல்வியின் உயிர்.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த நம் இல்லங்களிலும் பாட்டனார் காலத்துக் குத்துவிளக்கு, ஏட்டுச்சுவடி, தஞ்சாவூர்ப் படம் என ஏதேனும் ஒன்று இருக்கும். அன்றாடம் ஏற்றும் விளக்கைப் புளியிட்டு விளக்குவது நம் வழக்கம். ஆனால் பழம்பொருளாகப் போற்றும் விளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால், தேய்க்குந்தோறும் சிற்பி செதுக்கிய கோடுகள் சிறிது சிறிதாக மறையும். மங்கிய படத்துக்கு மெருகு பூசினால், அஜந்தாவில் நேர்ந்ததே நம் வீட்டிலும் நேரும். ஈரமும் வெயிலும் படாமல் வைத்தல், மெல்லிய துணியால் தூசி தட்டுதல் ஆகியவற்றோடு நாம் நிற்பதே நலம். அதற்குமேல் செய்ய வேண்டியதைக் கற்றவரிடம் கேட்போம். கைவைக்கத் தெரிவது போலவே, கைவையாதிருக்கத் தெரிவதும் காப்பே ஆகும்.