அந்தி உறக்கம்
ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பெர்ன்ஹார்ட் குரோனிக், கார்ல் காஸ் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள் 1906 வாக்கில் 'அந்தி உறக்கம்' என்ற பிரசவ முறையை நிலைநிறுத்தினர். பிரசவ வலி கண்டவளுக்கு மார்ஃபின், ஸ்கோபோலமைன் என்ற இரு மருந்துகள் ஊசியில் ஏற்றப்பட்டன. பிறகு ஒரு பொருளைக் காட்டி, சற்று நேரம் கழித்து மீண்டும் காட்டுவார்கள். முன்பே பார்த்ததாக அவள் சொன்னால் ஸ்கோபோலமைன் இன்னும் கொஞ்சம். அவர்கள் சோதித்தது நினைவை. வலி எங்கும் போய்விடவில்லை: தாய் அலறினாள், புரண்டாள், பிதற்றினாள், தெளிந்தபோது எதுவும் ஞாபகத்தில் இல்லை. கையில் கொடுத்த பிள்ளை தன்னுடையதுதானா என்று ஐயுற்றவர்களும் உண்டு. வெளிச்சமும் ஓசையும் பிதற்றலைக் கிளப்பும் என்பதால் அறையை இருட்டாக்கி, காதில் பஞ்சு அடைத்தனர்.

1914-இல் மெக்ளூர்ஸ் இதழ் இதைப் புகழ்ந்து எழுத, அமெரிக்கப் பெண்கள் சங்கம் அமைத்து இம்முறையைக் கேட்டனர். அதில் முன்னின்ற பிரான்சஸ் கார்மோடி 1915-இல் பிரசவத்தில் இறந்தார். மருந்து காரணமல்ல என்று மருத்துவர் கூறியும் இயக்கம் தளர்ந்தது.

மருந்து மட்டும் தங்கிவிட்டது, ஃப்ரைபர்க்கின் பொறுமையான கண்காணிப்பு இல்லாமலே. புரளும் தாயைக் கட்டிலோடு வாரால் பிணைப்பது அமெரிக்க மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று. மார்ஃபின் சிசுவின் மூச்சையும் மந்தமாக்கியது. 1958-இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் இதழ் இக்கொடுமைகளைப் பற்றிய கடிதங்களை வெளியிட்டது. 1960-களில் இம்முறை மெல்ல வழக்கொழிந்தது.