சாவி யார் கையில்?

கம்போங் மேடான் என்றதும் பலருக்கும் 2001 மார்ச் மாதம்தான் நினைவுக்கு வரும். ஆறு பேர் உயிரிழந்த அந்தக் கலவரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. ஆனால் ஓர் ஊருக்கு ஒரு வரலாறு மட்டும் இருப்பதில்லை. இங்கே ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில், ஒரு சின்ன எந்திரம் நிற்கிறது. அதிலிருந்தும் ஒரு வரலாற்றைத் தொடங்கலாம்.

அதைச் செய்தவர் என் மாமா. அலுமினியச் சட்டம், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், திருகுத் தண்டுகள், ஓர் ஆர்டுயினோ போர்டு, பலகையைக் குடைய ஒரு ரூட்டர். பாதிச் சாமான் இணையத்தில் வாங்கியது, மீதி புடு வட்டாரத்து ஜாலான் பாசார் கடைகளில் பொறுக்கியது. கணினியில் வரைந்ததை இது பலகையில் செதுக்கும். சிஎன்சி என்று சொல்கிறோமே, எண்களால் இயங்கும் எந்திரம், அதன் வீட்டு வடிவம்.

மாமா இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில் இதே வகை எந்திரத்தின் முன்னால் வேலை பார்த்தவர். "வேலை என்னா வேலை, நின்னேன். அவ்வளவுதான்" என்பார். பொருளை மாட்ட வேண்டும், பச்சை பட்டனை அழுத்த வேண்டும், முடிந்ததும் கழற்ற வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசரிடம். "ஏன் நிக்குதுன்னு நாம கேக்கக் கூடாதுடா. அதுக்கு ஆள் வருவாங்க."

அந்தப் பூட்டு எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைத் துல்லியமாக வெட்ட, அந்த வளைவில் உள்ள புள்ளிகளைத் துளை அட்டைக் கணக்கு எந்திரத்தில் கணக்கிட்டார். அந்த எண்களையே வெட்டும் எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. 1949இல் விமானப்படையின் பணம் வந்தது. வேலை எம்ஐடியின் ஆய்வகத்துக்குப் போனது. 1952இல், துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகம் வெட்டும் எந்திரத்தை அங்கே இயக்கிக் காட்டினார்கள்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி முதல் பொருளைத் தன் கையால் வெட்டுவார். அவர் எந்திரத்தை நகர்த்தும் ஒவ்வோர் அசைவும் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு அந்த நாடாவைப் போட்டால் எந்திரம் அதையே திரும்பச் செய்யும். 1940களிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. ஆனாலும் எண் வழிதான் வென்றது. ஏன்?

டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984இல் 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்' என்ற நூலில் இதற்கு ஒரு பதில் சொன்னார். பதிவு முறையில் அறிவு தொழிலாளியின் கையிலேயே தங்கிவிடும். எண் முறையில் அது அலுவலக மேசைக்குப் போய்விடும். நிர்வாகம் விரும்பியது இரண்டாவதை. விமானப் பாகங்களின் சிக்கலான வளைவுகளை எந்தக் கையாலும் வெட்டிக் காட்ட முடியாதே என்று அவருக்குப் பதில் சொல்லலாம். அதுவும் நியாயம்தான்.

இங்கே ஒரு நாவலாசிரியர் குறுக்கே வருகிறார். அந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர் கர்ட் வானகட். அவருடைய முதல் நாவல் 'பிளேயர் பியானோ' வந்ததும் 1952இல்தான். அதில் ரூடி ஹெர்ட்ஸ் என்ற கடைசல் தொழிலாளியின் கையசைவுகளை நாடாவில் பதிவு செய்துகொள்கிறார்கள். அதன் பிறகு அவர் தேவையில்லை. கையிலிருந்து எடுத்த நாடாவும் அந்தக் கையை வேலையை விட்டு அனுப்பியதுதான் கதை. அப்படியானால் எண்ணா பதிவா என்பது மட்டும் கேள்வி இல்லை. நாடா யாரிடம் இருக்கிறது என்பதும்தான்.

இது நமக்குப் புதிது இல்லை. தோட்டத்தில் மரம் சீவியவர் ஒருவர். பாலை நிறுத்துக் கணக்கு எழுதியவர் கிராணி. கத்தி ஒரு கையில், எண் இன்னொரு கையில். 1972இல் சுங்கை வே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. கம்போங் மேடானிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். தோட்டங்களிலிருந்து கிளம்பி, பழைய கிள்ளான் சாலை ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பிறகு நீள வீடுகளுக்கும் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் சுற்று வட்டாரத் தொழிற்சாலைகளில் சிஃப்ட் வேலைக்குப் போனார்கள். கத்தி போய் பட்டன் வந்தது. கணக்கு அப்போதும் வேறு ஆளிடம்தான். நான் படித்த வரையில் நம் கதைகளில் தோட்டம் நிறைய இருக்கிறது. இந்த எந்திரக் கூடம் கொஞ்சம்தான்.

பூட்டுத் திறந்தது வேறு பக்கத்திலிருந்து. அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனமான நிஸ்ட் 1990களில் இஎம்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கியது. அரசு செய்தது என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய லினக்ஸ்சிஎன்சி அதிலிருந்து வளர்ந்தது. 2009இல் நோர்வேக்காரரான சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 'ஜிஆர்பிஎல்' எழுதி மூல நிரலோடு வெளியிட்டார். அன்று எம்ஐடியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் செய்த வேலையை, 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஒரு சில்லு செய்கிறது. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் போர்டு.

ஆனால் நிரல் இலவசமாகக் கிடைத்ததால் மட்டும் எந்திரம் ஓடிவிடாது. மாமா முதலில் வெட்டிய வட்டம் நீள்வட்டமாக வந்தது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஒவ்வோர் அடியையும் டிரைவர் 16 ஆகப் பிரிக்கும். ஆக 3200. தண்டு ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்தினால், மில்லிமீட்டருக்கு 400 அடி. இந்தக் கணக்கை மூன்று அச்சுக்கும் போட்டிருந்தார். கணக்கில் தப்பில்லை. இரண்டு நாள் கழித்து, ஒவ்வொரு தண்டையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் 4 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது. பருமன் ஒன்று, பார்வைக்கும் ஒன்றுபோல். புரியின் ஏற்றம் மட்டும் வேறு. அந்த அச்சுக்கு 800 என்று மாற்றினார். வட்டம் வட்டமானது.

அடுத்த கோளாறு பேய் மாதிரி. ரூட்டரை ஆன் செய்தாலே எந்திரம் எல்லையை இடித்துவிட்டதாக அலாரம் போட்டு நிற்கும். இடிக்கவே இல்லை. கடைசியில் பார்த்தால், எல்லை சுவிட்சின் கம்பி ரூட்டரின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. மோட்டாரின் மின் இரைச்சல் அந்தக் கம்பியில் ஏறி, சுவிட்ச் அழுந்தியதுபோல் காட்டியிருக்கிறது. கம்பிகளைப் பிரித்தார். உறை போட்ட கேபிள் மாற்றி, உறையின் ஒரு முனையை மட்டும் நிலத்தொடுப்பில் சேர்த்தார். சில்லின் பக்கம் ஒரு சின்ன மின்தேக்கி. அலாரம் நின்றது.

அன்று அவர் சொன்னது இது: "அங்கேயும் இப்படித்தான் சும்மா சும்மா நிக்கும். அப்போ பெட்டியைத் திறந்து பார்க்க விட்டிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்கும்டா."

இதைப் பெரிய விடுதலையாக எழுத எனக்கு விருப்பமில்லை. இந்த எந்திரம் அவருக்கு வேலை தராது. இழந்த இருபது வருடத்தைத் திருப்பியும் தராது. பெயர்ப்பலகை, சாமி படச் சட்டம் என்று அக்கம்பக்கத்தில் கேட்பதைச் செய்து கொடுக்கிறார். ஆனால் ஒவ்வொரு கோளாறையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். தேதி, என்ன நடந்தது, எதைச் சந்தேகப்பட்டது, எது உண்மைக் காரணம். பேசுகிற மாதிரியே எழுதிய தமிழ். மரம் சீவிய குடும்பத்தில், கையும் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்ததற்கு நான் பார்த்த முதல் ஆவணம் அதுதான்.

தூசி போகிறது என்று போன மாதம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மூடி செய்தார், அதே எந்திரத்தில் வெட்டி. பூட்டு வைக்கவில்லை. கையாலேயே திருகிக் கழற்றும் நான்கு நட்டுகள், அவ்வளவுதான்.