ஓதற பள்ளியிலிருந்து பாடசாலைக்கு: எதை விட்டு வந்தோம்?

சென்ற வருடம் தரம் பத்து வகுப்பில் எங்கட மூத்தம்மாவின் பழைய கிதாபு ஒன்றைக் காட்டினேன். குர்ஆனை அழகாக ஓதும் பிள்ளை ஒருவன் முதல் வரியிலேயே திணறினான். "எழுத்து ஓதுற எழுத்து மாதிரித்தான் சேர் இருக்கு, ஆனா ஓத ஏலாமக் கிடக்கு" என்றான். நான் வாசித்ததும் வகுப்பே சிரித்தது. "இது எங்கட தமிழ்தானே!"

அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட அறபுத் தமிழ் அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'பத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் இவ்வெழுத்திலேயே வந்தன. மூத்தம்மா பாடசாலைப் படி மிதிக்காதவர். கையொப்பத்துக்குப் பெருவிரல் வைப்பவர். ஆனால் ஓதற பள்ளியில் படித்த எழுத்தைக்கொண்டு மார்க்கச் சட்டத்தைத் தமிழில் வாசித்து விளங்கினார். அவரை எழுத்தறிவற்றவர் என்று சொல்வது எந்த அளவுகோலால்?

ஆங்கிலேயர் காலத்தில் மிஷனரிப் பாடசாலைகளே உத்தியோகத்துக்கு வழியாயின. மதம் போய்விடும் என்ற பயம் எல்லாச் சமூகங்களுக்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். பௌத்தர்களுக்கு 1886இல் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரி எழுந்தது. நம்மவர் பலர் பிள்ளைகளை அனுப்பாமலே இருந்துவிட்டனர். இதை மாற்றப் பாடுபட்டவர் கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி நவீன கல்வியை வலியுறுத்தினார்; பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை கண்டார். 1883இல் இங்கு நாடு கடத்தப்பட்டு வந்த எகிப்தின் ஒராபி பாஷாவும், வாப்பிச்சி மரிக்காரும் துணைநிற்க, 1892இல் மருதானையில் ஸாஹிறா பிறந்தது. ரீ.பி. ஜாயாவும், 1948 முதல் 1961 வரை ஏ.எம்.ஏ. அஸீஸும் அதிபர்களாயிருந்து அதை வளர்த்தார்கள்.

இந்த முயற்சி இல்லாவிட்டால் நான் இன்று தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி ஆசிரியனாக நின்றிருக்கமாட்டேன். அந்த நன்றிக்கடன் பெரிது. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கல்விமுறை எதை மதிக்கிறது என்பது அதன் பரீட்சைத் தாளில் தெரியும். பரீட்சையில் இல்லாதது வீட்டிலும் மெல்ல மறைகிறது. புதிய பாடசாலைக்குள் மார்க்கத்தை ஒரு பாடமாக எடுத்து வந்தோம். மார்க்கமும் தாய்மொழியும் ஒரே எழுத்தில் கலந்திருந்த அந்த வாசிப்பை வாசலிலேயே விட்டுவிட்டோம். இன்று பிள்ளைகளுக்கு ஓதலும் ஒரு பாடம், தமிழும் ஒரு பாடம். இரண்டும் சந்தித்த இடம் அவர்களுக்குத் தெரியாது.

பழைய முறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. குர்ஆன் மத்ரஸாவில் வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். ஓதத் தெரிந்த, தமிழ் பேசும் பிள்ளைக்குப் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கிறது.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பெட்டகத்திலிருந்து ஒரு கிதாபு கொண்டு வந்தான். முன்பக்கங்களைச் செல் அரித்திருந்தது. மிச்சத்தை இருவருமாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.