பெயரிழந்த கோப்புகள்: எஃப்எஸ்சிகே நிரலின் வரலாறு

கடந்த மாதம் களப்பணி ஒலிப்பதிவுகளைப் புற வன்தட்டு ஒன்றுக்குப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது விடுதியில் மின்சாரம் நின்றது. மீண்டும் இணைத்தபோது லினக்ஸ் அத்தட்டை ஏற்கவில்லை. கோப்பு முறைமையைச் சரிபார்த்துச் செப்பனிடும் எஃப்எஸ்சிகே நிரலை இயக்கினேன். தட்டு திறந்தது. ஆனால் 41 ஒலிப்பதிவுகள் பெயரிழந்து, 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்னும் அடைவுக்குள் வெறும் எண்களாகக் கிடந்தன. குரல் இருந்தது, யாருடைய குரல் என்பது இல்லை. இதற்கான காரணம் யூனிக்ஸின் தொடக்கக் காலத்தில் இருக்கிறது.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸில், கோப்பு தன் பெயரைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. உரிமையாளர், அளவு, காலம், தரவு இருக்கும் பிளாக்குகளின் முகவரி ஆகியவை ஐநோடு என்னும் பதிவில் இருக்கும். அந்த ஐநோடுக்கு ஓர் எண் மட்டுமே உண்டு. பெயர் அடைவில் தனியே இருக்கும். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அடைவின் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டுகள்: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் ஐநோடு அறியும். மொழியியல் பயின்றவருக்கு இது இடுகுறிப் பெயரை நினைவூட்டும்.

வேகம் கருதி யூனிக்ஸ் மாற்றங்களை நினைவகத்தில் வைத்திருந்து, ஏறத்தாழ 30 விநாடிக்கு ஒருமுறை தட்டில் எழுதியது. இடையில் மின்சாரம் நின்றால் கணக்குகள் முரண்படும். ஒரு பிளாக்குக்கு இரு கோப்புகள் உரிமை கொண்டாடும்; பயன்பாட்டில் உள்ள பிளாக் காலியானவற்றின் பட்டியலிலும் நிற்கும்; எந்தப் பெயரும் சுட்டாத கோப்பு அநாதையாகும். 1975இன் ஆறாம் பதிப்பில் பிளாக்குகளை ஐசெக்கும் அடைவுகளை டிசெக்கும் தனித்தனியே ஆராய்ந்தன. அவை காட்டிய பிழைகளுள் பலவற்றை நிர்வாகி தம் கையாலேயே திருத்த வேண்டியிருந்தது. கை தவறினால் இழப்பு பெருகும்.

இவ்வேலைகளை ஒரே நிரலாக்கியவர் டெட் கொவால்ஸ்கி. பெர்க்லியில் மார்ஷல் கர்க் மெக்குசிக் அதனை 1983இன் 4.2 பிஎஸ்டிக்கேற்பத் திருத்தியமைத்தார். பிளாக்குகள், பாதைப்பெயர்கள், இணைப்பு, பெயர் எண்ணிக்கை, சிலிண்டர் தொகுதிகள் என ஐந்து கட்டங்களாக அது தட்டை ஆராயும்.

அது உண்மையை அறிவதில்லை. ஒரே செய்தி இரண்டு இடங்களில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவே. காலி பிளாக்குகளின் பட்டியல் கெட்டால் ஐநோடுகளிலிருந்து மீண்டும் கட்டலாம். பெயர் எண்ணிக்கை பிசகினால் அடைவுகளை எண்ணித் திருத்தலாம். சூப்பர் பிளாக்குக்கும் பெர்க்லி வடிவம் பல நகல்கள் வைத்தது. பெயரோ அடைவில் மட்டுமே உள்ளது. அடைவு அழிந்தால் கோப்புக்கு எண்ணே எஞ்சும்.

தட்டுகள் பெருகப் பெருக இச்சோதனைக்கு ஆகும் நேரமும் நீண்டது. எனவே மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் முறை வந்தது: 1990இல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில், 2001 நவம்பரில் ஈஎக்ஸ்டி3 வழியாக லினக்ஸின் மூலக் கருவில். என் தட்டிலும் ஜர்னல் இருந்தது. ஆனால் அடைவுகள் இருந்த பிளாக்குகளே கெட்டுவிட்டதால் அது உதவவில்லை.

என் பிழையையும் சொல்ல வேண்டும். முதலில் தட்டு முழுவதையும் அப்படியே நகலெடுத்திருக்க வேண்டும். பிறகு எதையும் மாற்றாமல் பிழைகளை மட்டும் காட்டும் முறையில் நிரலை இயக்கியிருக்க வேண்டும். நானோ எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று முன்னதாகவே விடையளித்துவிட்டேன்.

அந்த 41இல் 29 மீண்டன. அவற்றின் தொடக்கத்தில் நாள், ஊர், பேசுபவர் பெயர் ஆகியவற்றை நானே உரக்கச் சொல்லியிருந்தேன். களப்பணியில் முதலில் கற்பிக்கப்படும் வழக்கம் அது. மீதி 12இல் அவசரம் கருதி அதனை விட்டுவிட்டேன். அவற்றை எந்த ஒப்புதல் படிவத்தோடும் இணைக்க இயலவில்லை. ஆகவே ஆய்வேட்டில் பயன்படுத்தவும் இயலாது. தங்கள் நேரத்தை எனக்குத் தந்த மனிதர்களின் பேச்சு அது.

கோப்புப் பெயரை நம்பியிருக்கும் ஆய்வு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயரை உள்ளடக்கத்திற்குள்ளும் ஒருமுறை சொல்லிவையுங்கள். இரண்டு இடங்களில் இருப்பதை மட்டுமே எந்த நிரலும் மீட்டுத் தரும்.