கூப்பிட்ட குரலும் விழித்திருந்த காதும்

1909 ஜனவரி 23 அதிகாலை. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், அடர்ந்த மூடுபனியில் 'ரிபப்ளிக்' என்ற பயணிகள் கப்பல் மீது 'ஃபுளோரிடா' என்ற மற்றொரு கப்பல் வந்து மோதியது. தந்தி அறையின் சுவர் நொறுங்கியது, மின்சாரம் நின்றது. ஜாக் பின்ஸ் என்ற இளம் தந்தியாளர் பேட்டரியை வைத்துக்கொண்டு, குளிரில் விறைத்த விரல்களால் சி.கியூ.டி. என்று தட்டினார். இரு கப்பல்களிலுமாக ஏறக்குறைய 1,500 பேர் பிழைத்தார்கள்.

சி.கியூ.டி., 1904இல் மார்க்கோனி நிறுவனம் தன் தந்தியாளர்களுக்கு வகுத்துக் கொடுத்த அபாயக் குறி. மறுவருடமே ஜெர்மனி வேறொன்றைக் கொண்டுவந்தது: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. 1906 பெர்லின் மாநாடு அதையே பொதுவாக்க, 1908 ஜூலை 1 முதல் எஸ்.ஓ.எஸ். நடைமுறைக்கு வந்தது. அதை ஏதோ ஒரு வாக்கியத்தின் சுருக்கமாக்கியது பிற்காலக் கற்பனை. எந்த இரைச்சலிலும் காதுக்குத் தனித்துக் கேட்கும் தாளம் என்பதற்காகவே அது தேர்வானது.

குறி தயார். கேட்க ஆள் வேண்டுமே?

1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்குக்கு வெகு அருகில் நின்ற 'கலிஃபோர்னியன்' கப்பலில் இருந்தது ஒரே ஒரு தந்தியாளர். நாள் முழுக்க உழைத்துவிட்டு அவர் படுக்கப் போன சற்று நேரத்தில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ் சி.கியூ.டி.யையும் எஸ்.ஓ.எஸ்.ஸையும் மாறி மாறி அனுப்பினார். ஏறக்குறைய 58 மைல் தள்ளி, 'கார்ப்பேத்தியா' கப்பலின் தந்தியாளர் ஹரால்ட் காட்டமும் உறங்கத்தான் தயாராகிக்கொண்டிருந்தார். காதுக்கருவியை இன்னும் கழற்றவில்லை. 700க்கும் மேற்பட்டோர் உயிர்தப்ப அதுவே வழி. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். தூங்கியவரைப் பழிப்பது அநியாயம். இரவுக் காவலுக்கு இரண்டாவது ஆளை வைக்கச் சொல்லும் விதியே அன்று இல்லை.

அதே ஆண்டு அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் தந்திக் காவலைக் கட்டாயமாக்கியது. பின்னர் இன்னும் அழகான ஏற்பாடு ஒன்று வந்தது. மணிக்கு இருமுறை, 15ஆம் நிமிடத்திலும் 45ஆம் நிமிடத்திலும் தொடங்கி மும்மூன்று நிமிடம், 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் யாரும் எதுவும் அனுப்பக்கூடாது. பலவீனமான அபயக்குரல் ஏதும் வருகிறதா என்று எல்லோரும் கேட்க வேண்டும். கப்பல் தந்தி அறைக் கடிகாரங்களில் அந்தப் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஒற்றைத் தந்தியாளர் தூங்கும் கப்பல்களுக்குத் தானியங்கிக் கருவி வந்தது: நான்கு நொடி நீளக் கோடுகள், ஒரு நொடி இடைவெளியில் தொடர்ந்து வந்தால் அது மணியடித்து அவரை எழுப்பிவிடும்.

1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் உள்ளிட்ட புதிய உலக அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கப்பல்களில் மோர்ஸ் தந்தியாளர் கட்டாயம் என்ற விதியும் அத்தோடு முடிந்தது.