நீலக் கல்லும் ஆடும் கையும்



சில மாதங்களாக இணையக் கடைகளில் ஒரு பொருள் அதிகம் கண்ணில் படுகிறது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போன்ற வடிவம், அதைவிடச் சிறியது. பளபளவென்று மெருகேற்றிய நீலக் கல். மேலே ஒரு மெல்லிய சங்கிலி, அதன் நுனியில் பிடித்துக்கொள்ள ஒரு மணி. பெண்டுலம் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். இயற்கைக் கற்களைச் சேகரிப்பவர்கள் அழகுக்காக வாங்குகிறார்கள். இன்னும் சிலர் அதனிடம் கேள்வி கேட்பதற்காக வாங்குகிறார்கள். முன்னும் பின்னும் ஆடினால் ஆம், பக்கவாட்டில் ஆடினால் இல்லை என்பது கணக்கு. உங்களில் நாலைந்து பேர் படம் அனுப்பி, “டீச்சர், இது நல்ல கல்லா? வாங்கலாமா?” என்று கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

முதலில் கல்லைப் பார்ப்போம். நீலக் கல் என்றதும் நம்மவர்களுக்குச் சனிக்குரிய நீலம்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் கிடைக்கும் அந்த நவரத்தினம் வேறு, இது வேறு. அந்தக் கல்லின் ஊடே வெளிச்சம் போகும். இந்தக் கல்லின் ஊடே போகாது. இதன் பெயர் லாபிஸ் லசுலி. வடமொழி நூல்கள் ராஜாவர்த்தம் என்கின்றன. உண்மையில் இது ஒற்றைக் கனிமம்கூட இல்லை, ஒரு பாறை. நீலம் தருவது லசுரைட் என்னும் கனிமம். ஊடே ஓடும் வெள்ளை வரிகள் கால்சைட். பொன்துகள் தூவியது போல மின்னுவது பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. இரவு வானத்தில் நட்சத்திரம் போல இருக்கும். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் சஃபைர் என்று சொன்னதே இந்தப் பொற்புள்ளிக் கல்லைத்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர் நம் சனி நீலத்துக்குப் போய்விட்டது.

பழங்காலத்தில் இது கிடைத்த முக்கியமான இடம் ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பதக்‌ஷான். அங்கே கொக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் சர்-இ-சங் என்ற மலைச் சுரங்கங்கள். பாறையை உடைக்க அவர்கள் நெருப்பைக் கையாண்டதை 1830களில் அங்கே போன ஜான் வுட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். பாறைக்கு அடியில் விறகை மூட்டி எரிப்பார்கள். பாறை நன்றாகச் சூடேறியதும் குளிர்ந்த நீரை வீசுவார்கள். பாறை சட்டென்று சுருங்கி வெடிக்கும். சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுகிறதே, அதே கதைதான்.

இந்தக் கல் எவ்வளவு பழைய காலத்திலிருந்து பயணம் செய்திருக்கிறது என்று பாருங்கள். பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கரில், 7,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கல்லறைகளில் இறந்தவர்களோடு வைத்த லாபிஸ் மணிகள் கிடைத்திருக்கின்றன. சிந்துவெளி மக்கள் ஒரு படி மேலே போனார்கள். சுரங்கத்துக்கு அருகில், ஆக்சஸ் ஆற்றங்கரையில் சோர்த்துகை என்ற இடத்தில் ஒரு குடியிருப்பே அமைத்துவிட்டார்கள். ஹரப்பாவிலிருந்து எத்தனை மலை தாண்டிப் போக வேண்டும்! இன்றைக்கு நம் ஊர்க் கம்பெனிகள் வெளிநாட்டில் கிளை திறப்பது போலத்தான்.

இராக்கில் உள்ள ஊர் என்னும் பழைய நகரத்தை 1920களில் லியனார்டு வூலி தோண்டினார். (நம் ‘ஊர்’ இல்லை, அந்த நகரத்தின் பெயரே அதுதான்.) அங்கே அரச கல்லறைகளில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெட்டி கிடைத்தது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் போர்க்காட்சி, இன்னொரு பக்கம் விருந்துக் காட்சி. உருவங்கள் சிப்பியில் செய்தவை, பின்னணி முழுக்க இந்த நீலக் கல். பதக்‌ஷானிலிருந்து அந்த நகரம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். கழுதை முதுகிலும் படகிலும் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. எகிப்தின் துட்டன்காமன் பொன் முகமூடியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் புருவமும் கண்ணைச் சுற்றிய கோடும் இதே கல்தான். எகிப்தில் இந்தக் கல் கிடையாது. எல்லாம் வந்த சரக்கு.

பிறகு ஐரோப்பியர்கள் இதைப் பொடி செய்து சித்திரம் வரையத் தொடங்கினார்கள். சும்மா இடித்துப் பொடித்தால் சாம்பல் நிறம்தான் வரும். அந்தப் பொடியை மெழுகு, பைன் பிசின் எல்லாம் சேர்த்து மாவு மாதிரி உருட்டி, காரநீருக்குள் வைத்துப் பிசைந்தால் நீலம் மட்டும் கழன்று அடியில் தங்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அல்ட்ராமரின். கடலுக்கு அப்பால் இருந்து வந்தது என்று பொருள். 1485இல் ஃபிளாரன்ஸ் நகரில் கிர்லாண்டாயோ என்ற ஓவியரோடு செய்த ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் நாலு ஃபிளோரின் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று விலையோடு எழுதியிருக்கிறார்கள். மட்டமான நீலத்தைப் பூசி ஏமாற்றிவிடுவாரோ என்ற பயம்!

இந்தக் கல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பல். ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் பெண் துறவியர் மடம் ஒன்று இருந்தது. அங்கே சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பு புதைக்கப்பட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவரின் பற்களில் படிந்த காரையை ஆய்வு செய்தார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நீலத்துகள்கள். பதக்‌ஷான் கல்லின் பொடி! தூரிகையின் நுனியைக் கூர்மையாக்க அடிக்கடி வாயில் வைத்து நனைத்திருக்கிறார் என்பதுதான் ஆய்வாளர்கள் முதன்மையாகச் சொல்லும் விளக்கம். 2019இல் வெளியான ஆய்வு இது. ஏடுகளுக்கு ஓவியம் தீட்டியவர்கள் பெரும்பாலும் ஆண் துறவிகளே என்று நினைத்திருந்தார்கள். அந்த அம்மையாரின் பெயர் யாருக்கும் தெரியாது. பல் காட்டிக்கொடுத்துவிட்டது.

விலை கட்டுப்படியாகாமல், 1824இல் பிரான்சில் ஒரு தொழில் வளர்ச்சிச் சங்கம் செயற்கையாக நீலம் செய்பவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று அறிவித்தது. 1828இல் ழான் பாப்டிஸ்ட் கிமே பரிசை வென்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் வைத்துச் சுட்டால் அதே நீலம். அரசர்கள் கல்லறைக்குள் எடுத்துப்போன நிறம் மூட்டை மூட்டையாக வந்தது. நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட பொடி நீலம் இருந்ததே, அது இந்தச் செயற்கை அல்ட்ராமரின்தான். கிமேயின் மகன் எமில், அப்பா சம்பாதித்த நீலப் பணத்தில் கலைப்பொருள்கள் சேர்த்து ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். பாரிசில் இன்றைக்கும் இருக்கிறது. அங்கே நம் சோழர் காலத்து நடராசரும் இருக்கிறார்.

கல் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு செய்தி. லாபிஸ் என்று சொல்லி சாயம் ஏற்றிய மலிவுக் கற்களை விற்பது நடக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, கல்லின் மறைவான மூலையில் தேயுங்கள். பஞ்சு நீலமானால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சோடலைட் என்ற இன்னொரு நீலக் கல்லும் உண்டு. அதுவும் இயற்கைக் கல்தான், ஆனால் மலிவு. பெரும்பாலும் பொற்புள்ளி இருக்காது. மெருகில்லாத பீங்கான் ஓட்டின் பின்புறத்தில் உரசினால் சோடலைட் வெள்ளைக் கோடு போடும், லாபிஸ் வெளிர்நீலக் கோடு போடும். உரசும்போது கல்லின் மெருகு போகும், பார்த்துச் செய்யுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதக்‌ஷான் சுரங்க வருமானம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது என்று குளோபல் விட்னஸ் அமைப்பு 2016இல் அறிக்கை வெளியிட்டது. விற்பவரிடம் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

இதுவரை சொன்னது கல்லின் கதை. நூலில் தொங்கவிட்டுக் கேள்வி கேட்பதற்குத் தனி வரலாறு உண்டு. அதில் ரத்தம் இருக்கிறது.

கி.பி. 371-72 வாக்கில், வாலன்ஸ் என்பவர் ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியை ஆண்டபோது நடந்தது. அடுத்த பேரரசர் யார் என்று தெரிந்துகொள்ளச் சிலர் ரகசியமாகக் கூடினார்கள். வட்டத்தட்டின் விளிம்பில் கிரேக்க எழுத்துகள். மேலே நூலில் தொங்கும் மோதிரம். அது ஆடி ஆடி ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டது. தி, யோ, அடுத்து ஒரு ‘ட்’ என்று வந்ததும், கூட்டத்தில் ஒருவர் “தியோடோரஸ்!” என்று கத்திவிட்டார். மேற்கொண்டு கேட்கவும் இல்லை. செய்தி அரசர் காதுக்குப் போனது. கூடியவர்களுக்கும் மரண தண்டனை, தியோடோரஸ் என்ற அதிகாரிக்கும் மரண தண்டனை. அதோடு நிற்காமல் எத்தனையோ பேரை விசாரணை என்ற பெயரில் கொன்றார்கள். அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அம்மியானஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பின்னால் வாலன்ஸ் போரில் மாண்டதும் அரியணைக்கு வந்தவர் பெயர் தியோடோசியஸ். பார்த்தீர்களா, மோதிரம் சரியாகச் சொன்னதே என்பார்கள். தியோ என்று தொடங்கும் பெயர் அந்த நாட்டில் நம் ஊர் முருகன், முருகேசன் மாதிரி. வந்த எழுத்தைவிட அந்த அறையில் இருந்தவர்களின் விருப்பம்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இந்த ஆட்டத்தின் மர்மத்தை அவிழ்த்தவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1786இல் பிறந்து 1889 வரை, 102 வயது வாழ்ந்தவர். கொழுப்பும் சோப்பும் பற்றிய வேதியியலில் பெரிய பெயர். 1812 வாக்கில், பாதரசத்துக்கு மேலே நூலில் தொங்கும் இரும்பு வளையம் தானாக ஆடும் என்று கேள்விப்பட்டார். தானே பிடித்துப் பார்த்தார். ஆடியது! இடையில் கண்ணாடித் தகடு வைத்தால் ஆட்டம் நிற்கும் என்றார்கள். வைத்தார், நின்றது. வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே நம்பிக் கும்பிட்டிருப்பார். இவர் கையை ஒரு மரக்கட்டையில் தாங்கினார். தோளருகே தாங்கியபோது ஆட்டம் இருந்தது. கட்டையை விரல் பக்கம் நகர்த்த நகர்த்த ஆட்டம் குறைந்தது. விரலையே தாங்கியபோது நின்றுவிட்டது. அடுத்து கண்ணைக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் இவருக்குத் தெரியாமல் கண்ணாடித் தகட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். இப்போது தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த வேறுபாடும் இல்லை. ஆட்டியது பாதரசம் அல்ல, அவர் கைதான். தெரிந்தே ஆட்டவில்லை. மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதைத் தசை தானறியாமல் செய்திருக்கிறது. 1833இல் இதை இயற்பியலாளர் ஆம்பியருக்கு ஒரு கடிதமாக எழுதி வெளியிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத அசைவு எப்படி இவ்வளவு பெரிய ஆட்டமாகிறது? ஊஞ்சல் தள்ளியவர்களுக்குத் தெரியும். ஓங்கித் தள்ள வேண்டாம், சரியான நேரத்தில் விரலால் தொட்டாலே போதும். 20 சென்டிமீட்டர் நூலில் தொங்கும் எடை ஒருமுறை போய்வர ஏறத்தாழ 0.9 நொடி. லாபிஸ் கட்டினாலும் பித்தளைப் பூட்டைக் கட்டினாலும் அதே நேரம்தான். தனி ஊசல் பாடம் மறந்திருக்காது என்று நம்புகிறேன். நம் ஊரில் கவட்டைக் குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கிறார்களே, அந்தக் குச்சி துள்ளுவதும் இதே வகைதான்.

இவ்வளவு தூரம் எழுதக் காரணம் உண்டு. என் நாத்தனார் முறையில் ஒருத்தி. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் சொல்லமாட்டேன். இந்தப் பெண்டுலத்தை வாங்கி, தினமும் காலையில் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு மேலே பிடித்து, “இன்றைக்கு வேண்டுமா?” என்று கேட்டு வந்திருக்கிறாள். மாத்திரை என்றாலே அவளுக்குக் கசப்பு. கல்லும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. மூன்று வாரம். ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி விழுந்தாள். நல்லவேளை, எலும்பு தப்பியது.

போய்ப் பார்த்தபோது நான் திட்டவில்லை. “அண்ணி, கல் பொய் சொல்லுமா?” என்றாள். “கேட்டுப் பார்த்துவிடுவோம்” என்றேன். ஐந்து எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, அவள் பார்க்கவே ஒன்றின் அடியில் மாத்திரையை வைத்தேன். எது என்று கல்லைக் கேட்கச் சொன்னேன். பத்து முறையும் சரியாகச் சொன்னது. அவளுக்கு ஒரே பெருமை. அடுத்து நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து அறைக்குப் போய்விட்டோம். அவள் மகன் மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவான். அதன் பிறகு நாங்கள் வந்து கேட்போம். பத்தில் இரண்டு. குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஐந்தில் ஒன்று என்ற கணக்கில் இரண்டு வரும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவளே மாத்திரையை எடுத்துத் தண்ணீர் கேட்டாள். கல் இப்போது ஷோகேஸில், கொலு பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நல்ல லாபிஸ்தான், பொற்புள்ளிகள் அழகாக இருக்கின்றன. நானே சோதித்தேன்.

ஆகவே, படம் அனுப்பியவர்களுக்கு என் பதில்: கல் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், பிள்ளைகளை உட்காரவைத்து ஷெவ்ரல் செய்ததைச் செய்து பாருங்கள். காகிதத்தில் ஒரு கூட்டல் குறி வரைந்து, அதன் நடுவுக்கு மேலே கல்லைப் பிடித்து, ஒரு கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைக் கட்டிவிட்டு, காகிதத்தைச் சத்தமில்லாமல் திருப்பிவையுங்கள். கல் இல்லாதவர்கள் சாவிக்கொத்தில் செய்யலாம். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நேரில் வருகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள், வீட்டில்தான் இருப்பேன்.